அரைப்படி அக்காவின் துப்பாக்கி வார்

கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கில் காவல் வேலை பார்க்கும் அந்த அம்மாளுக்கு ஊழியர் அட்டையில் ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. உயரத்தைப் பார்த்து எவரோ ஒரு நாள் ‘அரைப்படி’ என்று வாய்விட்டார். அன்று முதல் லாரி ஓட்டுநரிலிருந்து குவாரி முதலாளியின் சம்சாரம் வரை எல்லோருக்கும் அவள் அரைப்படி அக்காதான். அக்காவுக்கு அதில் மனக்கசப்பு எதுவும் கிடையாது. “முழுப்படி எல்லாம் சேர்ந்து செய்யற வேலைய நான் ஒத்தையா செய்யறேன்ல, அப்புறம் என்ன?” என்பாள்.

வேலைக்கு ஆள் எடுத்த அன்றைக்கே அவளுடைய உயரம் ஒரு பஞ்சாயத்தாகிவிட்டது. அளவுக் கம்பத்தின் கீழே நிறுத்திப் பார்த்தால் இரண்டு விரற்கடை குறைகிறது. கொண்டையைத் தூக்கிக் கட்டி வந்த தந்திரத்தையும் அளந்தவர் உள்ளங்கையால் அமுக்கித் தட்டையாக்கிவிட்டார். வீட்டுக்குப் போகச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அதற்குள் சுடும் தேர்வு முடிந்திருந்தது. இருபது தோட்டாவில் பதினெட்டை நடு வட்டத்தில் இறக்கியிருந்தாள். அவளுக்கு அடுத்து வந்த ஆள் பதினொன்று. அதிகாரிகள் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் ஒருவர், “நீளத் துப்பாக்கியக் குடுத்தாத்தானே தரையில இழுபடும்? அந்தக் குட்டையானதக் குடுங்க” என்றார். அப்படித்தான் அக்காவும் அந்தக் குட்டைத் துப்பாக்கியும் ஜோடி சேர்ந்தார்கள். அதற்கு இப்போது இருபத்திரண்டு வருடமாகிறது.

கிடங்கில் காவலுக்கு மூன்று இடங்கள் உண்டு. வாசல் கதவு, கம்பிவேலியைச் சுற்றும் ரோந்து, காவல் கோபுரம். கோபுரம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு இரும்புக் கால், செங்குத்தாக ஓர் ஏணி, உச்சியில் நாலடிக்கு நாலடிப் பலகை, அதன்மேல் ஒரு தகரக் கூரை. ஏணிக்கு நாற்பத்திரண்டு படி. மற்றவர்களுக்குக் கோபுரம் என்றாலே முழங்கால் வலி வந்துவிடும். அக்கா மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு ஏறுவாள்.

ஏன் என்று கேட்டால் சிரித்து மழுப்புவாள். உண்மை இதுதான். ஏழு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தவள் அவள். படுத்தால் இரண்டு பக்கமும் ஆள், சாப்பிட்டால் இரண்டு பக்கமும் முழங்கை. கல்யாணமாகிப் போன வீட்டில் ஒரே அறை, அதில் பாதியைத் தையல் மெஷின் பிடித்துக்கொண்டது. இந்த உலகத்தில் தனக்கென்று ஓர் இடம் வாய்த்தது என்றால் அது அந்த நாலடிப் பலகைதான். அங்கே காற்று வரும், குவாரியின் வெட்டுப் பாறைகள் வெயிலில் வெளுத்துக் கிடக்கும், யாரும் “கொஞ்சம் நகரு” என்று சொல்ல மாட்டார்கள். அங்கே நின்றால் அவளுக்கு மனசு நிறைந்துவிடும்.

தொல்லை கொடுத்தது துப்பாக்கியின் வார். ஒரே துப்பாக்கியை மூன்று ஷிப்டுக்காரர்கள் மாற்றி மாற்றிச் சுமக்கிறார்கள். ஷிப்டு மாறும்போது அதைக் கையில் கொடுக்கும் பழக்கம் அங்கே இல்லை. தோட்டாவை எடுத்துவிட்டு, போகிறவர் வருகிறவர் கழுத்தில் வாரை மாலை மாதிரி மாட்டிவிட வேண்டும். யார் தொடங்கிவைத்த மரியாதையோ, தெரியாது. மாட்டிய வாரின் நீளத்தை வாங்கியவர் மாற்றுவதில்லை. மாற்றினால் கொடுத்தவருக்கு அவமரியாதையாம். அக்காவுக்கு அடுத்த ஷிப்டு நெட்டை அண்ணன். நிலைப்படியில் குனிந்தே நுழைகிற மனிதர். யாரும் மாற்றாததால் மூன்று ஷிப்டிலும் வார் அவர் அளவில்தான் இருக்கும். அக்காவின் கழுத்தில் அதை மாட்டினால் துப்பாக்கி முழங்காலுக்கு வந்து நிற்கும். அவள் வாரில் ஒரு முடிச்சைப் போட்டுக்கொள்வாள், ஷிப்டு முடிந்ததும் அவிழ்த்துவிடுவாள். இருபத்திரண்டு வருடமும் முடிச்சிலேயே ஓடியது.

ஒரு திங்கட்கிழமை ஏணியின் பாதியில் முடிச்சு நழுவியது. துப்பாக்கி ஒரு சுற்றுச் சுற்றி ஏணிக் கம்பியில் ‘டங்’ என்று மோதியது. வெடிமருந்து இருக்கும் இடத்தில் இரும்பும் இரும்பும் முட்டினால் பொறி பறக்கும். சாவிக்கொத்தைக்கூட வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், பூட்ஸுக்கு ஆணி கூடாது, ரப்பர் அடிதான். அப்படிப்பட்ட இடத்தில் அந்தச் சத்தம். போதாக்குறைக்கு ஏணிக்கு நேர்கீழே டீ டம்ளரோடு நின்றிருந்தவர் சூப்பர்வைசர்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, “சனிக்கிழம காலையில பத்து மணிக்கு ஏறிக் காட்டுங்கம்மா. நான் ஏணிக்கு முதுகக் காட்டிட்டு நிப்பேன். கண்ணுக்கு வேலையே இல்ல, காதுக்குத்தான். இன்னொரு ‘டங்’ கேட்டுச்சுன்னா, திங்கட்கிழமையிலருந்து நீங்க வாசல்ல உக்காந்து வண்டி நம்பர் எழுதுங்க” என்றார்.

வாசல் வேலையில் நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு. வேறு யாராக இருந்தாலும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். அக்காவுக்கோ அது தண்டனை. நாலு பேர் வந்து மேசையில் முழங்கையை ஊன்றிப் பேசிக்கொண்டே இருக்கிற அந்த வாசலை நினைத்தபோது அவளுக்கு மூச்சு முட்டியது.

சொந்தமாக வார் கொண்டுவரலாம் என்று விதி இருந்தது. ஆயுத அறைக்காரர் சோதித்து ஒப்புக்கொண்டால் போதும். அக்கா வியாழக்கிழமை ஷிப்டு முடிந்த கையோடு, காவல்காரர்களுக்கு விசில், டார்ச், பூட்ஸ் எல்லாம் விற்கும் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு ரப்பர்த் துப்பாக்கியை எடுத்து வைத்தார். அவளுடையதைவிட ஏகப்பட்ட நீளம், ஆனாலும் மாட்டிப் பார்க்க ஆகும்.

முதலில் காட்டியது ஒற்றைக் கொக்கி வார். துப்பாக்கியின் பின்முனையில் மட்டும் மாட்டும், நெஞ்சுக்கு முன்னால் தொங்கும். “சட்டுன்னு தூக்கலாங்க, கண் இமைக்கிற நேரம் போதும்.” அக்கா மாட்டிக்கொண்டு கடைக்குள் நாலு எட்டு நடந்தாள். துப்பாக்கி இரண்டு முழங்காலையும் மாறி மாறித் தட்டியது. கழற்றி வைத்தாள். அடுத்தது மூன்று பிடி வார். அதில் எந்தப் பட்டை எங்கே போகிறது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. போட்டுவிட ஓர் ஆளும் கழற்றிவிட ஓர் ஆளும் வேண்டும் போலிருந்தது. மூன்றாவது, இரண்டு கொக்கி வார். ஒன்று முன்னால், ஒன்று பின்னால். நடுவில் ஒரு கொக்கிப் பூட்டும் இழுக்கிற நாடாவும். துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளி நாடாவை ஓர் இழுப்பு இழுத்தால் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. பூட்டைக் கட்டைவிரலால் தூக்கினால் தளர்ந்து முன்னுக்கு வருகிறது. ஏணி ஏற இரண்டு கையும் சும்மா கிடைக்கும். அக்காவின் முகம் மலர்ந்தது.

ஆனால் எவ்வளவு இறுக்கினாலும் வார் தொளதொளவென்று தொங்கியது.

“இத விடச் சின்னது இல்லையா?”

“இது ஒரே அளவுதாங்க. யாருக்கு வேணாலும் பத்தும்.”

“யாருக்கு வேணாலும்னா எனக்கும்தானே?”

கடைக்காரர் அவளை மேலிருந்து கீழே பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. “நீங்க தச்சுக்கிட்டா நல்லதுங்க” என்றார். அக்கா அந்த வாரையே வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

தைப்பதற்கு அக்கா எங்கேயும் அலைய வேண்டியதில்லை. வீட்டுக்காரர் பஸ், லாரிகளுக்குச் சீட் தைக்கிறவர். மெஷினைப் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகைக்கு மாற்றி வருடக்கணக்காகிறது. இரும்புத் தகடு தவிர எல்லாவற்றையும் தைக்கும் கனத்த மெஷின் அது. தான் தைத்துக் கொடுத்த எந்த வேலையும் திரும்பி வந்ததில்லை என்பது அவருடைய பெருமை. அதைக் கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். பெண்டாட்டி தன் உத்தியோகத்துக்கு ஒரு பொருள் தைக்கச் சொல்லி வந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மினிபஸ் சீட்டை அப்படியே கீழே இறக்கி வைத்தார்.

“துப்பாக்கியக் கொண்டா, பாப்போம்.”

“அது என்ன தேங்காயா, பையில போட்டுக் கொண்டாற? கிடங்க விட்டு வெளிய வராதுங்க.”

“அப்ப அளவாவது கொண்டாந்தியா?”

“அளந்தேன். ஒன்னர முழமும் நாலு விரலும்.”

“போதும். என் கையே டேப்பு” என்றார் அவர். ஒரு மரச் சட்டத்தை எடுத்துத் தன் முழங்கையை அதன் முனையில் வைத்தார். அக்கா அந்தச் சமயம் பக்கத்துக் கடைக்கு டீ சொல்லப் போயிருந்தாள்.

டீ வருவதற்குள் மரத் துப்பாக்கி தயார். கனத்துக்காக அதில் ஒரு பழைய இரும்புப் பட்டையையும் கட்டியிருந்தார். அக்கா அதை மாட்டிக்கொண்டு கொட்டகையின் பரண் ஏணியில் ஏறினாள், இறங்கினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு இதைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு வாரைப் பிடித்துச் சுருக்கினார், சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார், கோட்டின்மேல் சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டார். கொக்கி இரும்பு எங்கேயும் படாதபடி மினிபஸ் சீட்டின் மெரூன் ரெக்ஸினில் உறை தைத்து மாட்டினார். வார் அச்சில் வார்த்தாற்போல் பொருந்தியது. இருவருக்கும் வாயெல்லாம் பல்.

வெள்ளிக்கிழமை ஆயுத அறைக்காரர் அந்த வாரை வாங்கி உத்தரத்துக் கொக்கியில் மாட்டி, இரண்டு மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டார். அரை மணி நேரம் ஆகியும் ஓர் இழை பிரியவில்லை. அடுத்து மெரூன் உறையைப் பிடித்துக்கொண்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். உறையின் நிறத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் வாடிப்போனார். இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து, நெட்டை அண்ணனும் வந்து சேர்ந்த பிறகு, காலித் துப்பாக்கியில் வாரை மாட்டி அக்காவின் கழுத்தில் போட்டார்.

துப்பாக்கி அவள் மோவாய்க்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது.

அக்கா பூட்டைத் தூக்கித் தளர்த்தினாள். கொஞ்சம் இறங்கியது. இன்னும் தளர்த்தப் பார்த்தாள். அதற்குமேல் வாரே இல்லை. முதுகுக்குத் தள்ளப் பார்த்தாள், காதில் இடித்தது. நேற்று உடம்போடு பிறந்தது போலிருந்த வார் இன்று அவள் கழுத்தை நெரித்தது. சனிக்கிழமை பத்து மணி என்பது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

நெட்டை அண்ணன் வாரைப் பிடித்துப் பார்த்தார். “அக்கா, மாமா எத வச்சு அளந்தாரு?”

“நான்தான் அளந்து சொன்னேன். ஒன்னர முழம், நாலு விரல்.”

“யார் முழம்?”

அக்கா தன் முழங்கையைப் பார்த்தாள். அண்ணன் தன்னுடைய முழங்கையைத் துப்பாக்கியின் பின்முனையில் வைத்தார். அவருடைய கணக்கில் அது ஒன்றேகால் முழம் தேறியது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் வெடித்துச் சிரித்தது, சிரித்து யாருமே பார்த்திராத ஆயுத அறைக்காரர்தான். அக்காவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, பாதி கண்ணீர் சிரிப்பினால் வந்ததல்ல என்று அவளுக்கே தெரிந்தது.

ஆயுத அறைக்காரர் பதிவேட்டைத் திறந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, துப்பாக்கியின் நீளத்தைச் சென்டிமீட்டரில் படித்துச் சொன்னார். முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பதிவேட்டில்தான் அக்கா தினமும் கையெழுத்துப் போடுகிறாள். அவர் அந்த எண்ணை அவள் உள்ளங்கையில் பேனாவால் எழுதிவிட்டார். “வேர்வையில அழிஞ்சிடப் போவுது, கையப் பொத்தாமப் போங்க” என்று சொல்லியும் அனுப்பினார்.

கையை விரித்தபடியே பஸ் ஏறிக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தாள் அக்கா. வீட்டுக்காரர் நம்பவே இல்லை.

“என் தையல் திரும்பி வராது. உங்க ஆளுங்க துப்பாக்கிய மாத்திட்டாங்க.”

“கைய நீட்டுங்க.”

இருவரும் வெட்டு மேசையில் முழங்கையை ஊன்றிக் கைகளைச் சேர்த்து வைத்தார்கள். அக்காவின் நடுவிரல் அவருடைய உள்ளங்கையின் பாதியைக்கூடத் தாண்டவில்லை. அவர் அந்த இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்தன வருஷத்துல உன் கை இவ்வளவு சின்னதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே.”

“தெரிஞ்சிருந்தா வளையலாவது ஒரு தடவ சரியா வாங்கியிருப்பீங்க.”

அவர் அசடு வழிந்தார். ஆனால் கையை எடுக்கவில்லை. அக்காவும் எடுக்கவில்லை. அவள் மனதில் இருந்த கோபம் எந்த நிமிஷத்தில் போனது என்று அவளுக்குத் தெரியாது. உள்ளங்கை எண் அழிந்துவிடும் என்ற ஞாபகம் வந்துதான் கையை இழுத்துக்கொண்டாள்.

நல்ல வேளை, அவர் மிச்சத்தை வெட்டியிருக்கவில்லை. சீட் தைக்கிறவர்கள் யாரும் உட்கார்ந்து பார்க்கும் முன் துணியை ஒட்ட வெட்ட மாட்டார்கள். இரண்டு முனையிலும் ஒரு சாண் வாரை உள்ளே மடித்துத் தைத்திருந்தார். பிளேடால் தையலை ஒவ்வொரு கண்ணாகப் பிரித்தார். புதுச் சட்டம் ஒன்றை எடுத்து, சுவரில் ஆணியில் தொங்கிய டேப்பைத் தூசி தட்டி, மூன்று முறை அளந்து அறுத்தார். பிறகுதான் அவருக்கு இன்னொரு சந்தேகம் வந்தது.

“ஏணி ஏறறப்ப மேல என்ன போட்டிருப்ப?”

“குண்டு துளைக்காத சட்ட.”

“அது எவ்வளவு தடிமன்?”

“இரண்டு விரல்...” என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “இருங்க, ஃபோன் பண்ணிக் கேக்கறேன்.”

ஆயுத அறைக்காரர் ஸ்கேல் வைத்து அளந்து சொன்னார். வீட்டுக்காரர் அதே தடிமனில் சீட்டு ஸ்பாஞ்சு இரண்டு துண்டு வெட்டி, அவள் நெஞ்சிலும் முதுகிலும் வைத்துக் கயிற்றால் கட்டினார். பஸ் நிலையம் அன்றும் பஸ்ஸை மறந்தது. அக்கா கூச்சப்படவில்லை. பரண் ஏணியில் இருபது தடவை ஏறி இறங்கினாள். இருபது தடவையும் மரத் துப்பாக்கி அவள் முதுகை விட்டு அசையவில்லை. பொழுது சாயும் முன் சதுரமும் பெருக்கல் குறியும் மறுபடி போட்டு முடித்து, நூல் முனையை நெருப்பில் சுட்டு அமுக்கினார். “இது திரும்பி வந்துச்சுன்னு எவன்கிட்டயும் சொல்லிடாத” என்றார். அக்கா தலையாட்டினாள். இப்போது குவாரி முழுக்க அது தெரியும்.

சனிக்கிழமை காலையில் மணல் மூட்டைகள் மறுபடி தொங்கி இறங்கின. துப்பாக்கி இடுப்புக்கு மேலே, கை விழுகிற இடத்தில் அடக்கமாக வந்து நின்றது. நாடாவை இழுத்தாள், முதுகோடு ஒட்டியது. ஷிப்டு இல்லாத நாளிலும் நெட்டை அண்ணன் வந்திருந்தார். பத்து மணிக்குச் சூப்பர்வைசர் ஏணிக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையில் ஓட்டப்பந்தயத்துக்கு நேரம் பார்க்கும் கடிகாரம். “யாரும் பேசக் கூடாது” என்றார். “ம்” என்று கடிகாரத்தை அமுக்கினார்.

அக்கா ஏறினாள். இரண்டு கையும் ஏணியைப் பிடித்திருந்தன. இத்தனை வருடத்தில் அப்படி ஏறியதே இல்லை. ஒரு கை எப்போதும் துப்பாக்கியை அணைத்துக்கொண்டிருக்கும். இருபதாவது படியில், திங்கட்கிழமை முடிச்சு நழுவிய இடத்தில், நின்றாள். காது கொடுத்துக் கேட்டாள். ரெக்ஸின் உறைக்குள் கொக்கிகள் ஊமையாக இருந்தன. அடுத்த படியில் கால் வைத்தாள், அதற்கடுத்ததில் வைத்தாள். நாற்பத்திரண்டும் முடிந்ததும் பலகையில் ஏறி நின்று கட்டைவிரலால் பூட்டைத் தூக்கினாள். துப்பாக்கி முன்னுக்கு வந்து தோளில் பதிந்தது. தாழ்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். காற்று வந்தது.

கீழே சத்தமே இல்லை. சூப்பர்வைசர் இந்தக் காலை மாற்றி அந்தக் காலில் நின்றார். தொண்டையைச் செருமினார். நெட்டை அண்ணனும் ஆயுத அறைக்காரரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“என்னம்மா இது, நான் எவ்வளவு நேரம் மலையப் பாத்துக்கிட்டே நிக்கறது? பயமா இருந்தா சொல்லிடுங்க. இல்லன்னா ஏறத் தொடங்குங்க!”

“ஏறியாச்சு சார்” என்றது குரல் உச்சியிலிருந்து.

அவர் திரும்பினார். முதலில் ஏணியின் அடியைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. ஒவ்வொரு படியாகப் பார்வையை உயர்த்திக் கொண்டுபோய், கழுத்தை முழுக்க அண்ணாந்து, வெயிலுக்குக் கையைக் குடையாகப் பிடித்தார். கடிகாரத்தை நிறுத்த வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோனது.

“எப்ப ஏறினீங்க?”

“நீங்க ‘ம்’னதும்தான் சார்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், மெரூன் நிறத்தில் எதுவோ மினுங்குவதையும் பார்த்தார். “இறங்குங்க” என்று சொல்லப்போகிறார் என்று நினைத்து அக்கா பலகையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“சரி, சரி, அங்கயே இருங்க” என்று சொல்லிவிட்டு, அவர் டீ குடிக்கப் போனார்.